மரத்துப்போன மண்டையில் முடி முளைக்குமா? முடி டிரான்ஸ்பிளான்ட்டுக்குப் பின் வரும் அரிப்பு, மரப்பு, சுரீர் (பெங்களூர்)

வர்த்தூர்வாசி, 6 அக்டோபர் 2024

எஃப்யூஇ (பின்மண்டையில இருந்து முடி வேரை ஒவ்வொண்ணா எடுத்து நடுற முறை) முடிஞ்சு அஞ்சாவது வாரம் ஓடுது. முன்பக்கமும் நடுமண்டையும். நடுவில உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சியே இல்ல. பின்மண்டையில நமைச்சல். வச்ச முடியெல்லாம் கொட்டிட்டிருக்கு. உணர்ச்சி இல்லாத இடத்துல கிராஃப்ட் (நட்ட வேர்) செத்திருக்கும், அங்க முடி வராதுன்னு ரூம்மேட் அடிச்சுச் சொல்றான். எனக்கும் அப்படித்தான் படுது. தினம் மூணு வேளை சேஃப்டி பின் முனையால தொட்டுப் பார்க்கிறேன். இதுல எது சாதாரணம், எதுக்கு டாக்டர்கிட்ட ஓடணும்?

ஊசிமுனை, 6 அக்டோபர்

முதலில் அந்தப் பின்னைக் கீழே வையுங்கள். மரத்த தோலில் பின் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று உங்களுக்கே தெரியாது. ஒவ்வொரு குத்தும் கிருமிக்கு ஒரு வாசல்.

ரூம்மேட் சொல்வது தப்பு. முடி வேர் உயிரோடு இருக்க ரத்தம்தான் வேண்டும், தொடு உணர்வு வேண்டியதில்லை. வீட்டில் கரன்ட் போனாலும் குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி, இரண்டும் தனித்தனி இணைப்பு. வைத்த கிராஃப்ட் முதல் ஓரிரு நாள் சுற்றியுள்ள திசுநீரில் இருந்து ஆக்ஸிஜன் உறிஞ்சிப் பிழைக்கிறது. அதற்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அதைத் தேடி வந்து சேர்கின்றன. தோலின் தொடு நரம்பு திரும்ப வருவது வேறு கணக்கு, அதற்கு மாதங்கள் பிடிக்கும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் வைத்த முடி பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளே ஓய்வெடுக்கும், தண்டு மட்டும் விழும். மரப்பு உச்சத்தில் இருக்கும் காலமும் அதுவே. இரண்டும் ஒரே சமயத்தில் வருவதால் ஒன்றால்தான் மற்றொன்று என்று தோன்றிவிடுகிறது.

மொட்டைமாடி, 6 அக்டோபர்

ரூம்மேட் தலையில முடி இருக்கா? அதைச் சொல்லுங்க முதல்ல.

ஊசிமுனை, 7 அக்டோபர்

மரப்பு ஏன் வருகிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் மயக்க ஊசியின் மேல் பழியைப் போடுகிறார்கள். லிக்னோகெய்னுடன் அட்ரினலின் கலந்து போட்டால் சில மணி நேரம். கூட பியூபிவகெய்னும் போட்டிருந்தால் இன்னும் சில மணி நேரம். ஒரு நாள் கழித்தும் மரப்பு இருந்தால் அது மருந்தின் வேலை இல்லை, நரம்பு அறுபட்டதன் விளைவு.

முன்மண்டைக்கு உணர்வு தரும் நரம்புகள் புருவத்துக்கு மேலிருந்து கிளம்பி உச்சியை நோக்கிப் போகின்றன. பின்மண்டைக்குப் பிடரியில் இருந்து மேலே ஏறுகின்றன. முன்னால் கிராஃப்ட் வைக்க ஆயிரக்கணக்கில் கீறுகிறார்கள். ஒவ்வொரு கீறலும் சில மில்லிமீட்டர்தான், ஆனால் தோலுக்குள் பரவிக் கிடக்கும் மெல்லிய கிளைகள் அறுபட அது போதும். பின்னால் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வாயுள்ள பஞ்ச் என்ற குழாய்க் கத்தி வைத்து வேரை எடுக்கும்போதும் இதே கதை.

எஃப்யூடி என்ற இன்னொரு முறையில் நிலைமை வேறு. பிடரிக்கு மேல் காது முதல் காது வரை ஒரு பட்டை தோலையே வெட்டி எடுத்துத் தைக்கிறார்கள். பிடரியில் இருந்து ஏறும் கிளைகள் மொத்தமாக அந்தக் கோட்டில் வெட்டுப்படலாம். அதனால் தையலுக்கு மேலே, உச்சி வரைக்கும் மரக்கும். கத்தி படாத இடம் ஏன் மரத்தது என்று எஃப்யூடி செய்தவர்கள் கேட்பது இதனால்தான். தோல் இறுகி இழுப்பதும் அவர்களுக்கு அதிகம், குனியும்போது தெரியும்.

பிடரிநரம்பு, 7 அக்டோபர்

மேலே உள்ளதோடு ஒரு கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுபட்ட நரம்பு மறுபடி வளரும் வேகம் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். பிடரியில் இருந்து உச்சிக்கு 10, 12 சென்டிமீட்டர் என்றால் நூறு நாளுக்கு மேல். வெட்டுப்பட்ட நரம்பு வளரத் தொடங்கவே கொஞ்ச நாள் எடுக்கும், நேர்கோட்டில் வளரவும் செய்யாது. எஃப்யூஇயில் இவ்வளவு தூரம் கிடையாது, பக்கத்துக் கிளைகளும் கைகொடுக்கும். அதனால் வாரங்களிலேயே ஓரம் சுருங்கத் தொடங்கும். பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் அடங்கிவிடும், எஃப்யூடிக்கு ஒரு வருடம் வரை ஆகலாம். சிலருக்கு ஒரு சின்னத் திட்டு நிரந்தரமாகவே தங்கிவிடுவதும் உண்டு. கையெழுத்துப் போடும் படிவத்தில் அது இருக்கும். படித்துப் பாருங்கள்.

வர்த்தூர்வாசி, 8 அக்டோபர்

பின்னை வச்சாச்சு. அப்போ எதை வச்சுப் பார்க்கிறது?

ஊசிமுனை, 8 அக்டோபர்

வாரத்துக்கு ஒரு தடவை போதும். ஞாயிறு காலை, குளிக்கும் முன். குளித்த உடனே தோல் சூடாக இருக்கும், அப்போது பார்த்தால் எல்லாமே கூசும். அறுவை முடிந்து பதினான்கு நாளுக்குள், பொருக்கு முழுக்க உதிராமல், முன்பக்கத்தைத் தொட்டே பார்க்கக் கூடாது.

உங்கள் விரலை வைத்துச் சோதிக்காதீர்கள். விரல் உணர்வதை மண்டை உணர்வதாக மூளை சேர்த்துப் படித்துவிடும். காதுக் குச்சியின் பஞ்சை லேசாகப் பிரித்து ஒரு திரி எடுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இன்னொருவர் அந்தத் திரியை நல்ல உணர்வுள்ள இடத்தில், நெற்றியில் புருவத்துக்கு மேல், வைத்து மெதுவாக மேலே கொண்டுபோகட்டும். எங்கே மங்குகிறதோ அங்கே ‘நிறுத்து’ என்று சொல்லுங்கள். வெளியில் இருந்து உள்ளே போனால்தான் எல்லைக்கோடு தெளிவாகத் தெரியும். உள்ளே இருந்து வெளியே வந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடம் சொல்வீர்கள்.

இரண்டு புருவத்துக்கும் நடுப்புள்ளியில் இருந்து அந்த இடம் வரை தையல் டேப்பால் அளந்து எழுதுங்கள். பக்கவாட்டில் இரண்டு காதின் மேல்நுனியில் இருந்தும். பின்னால் பிடரிக் குழியில் இருந்து. மொத்தம் நாலு அளவு. பிறகு எவர்சில்வர் ஸ்பூன் ஒன்றைக் குழாய்த் தண்ணீரில் நனைத்துத் துடைத்து வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி தெரிகிறதா என்று. தொடுவது ஒரு வாரத்திலும் குளிர்ச்சி வேறு வாரத்திலும் திரும்பும். இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள், சூன்யம், மங்கல், சரி, அதிகக் கூச்சம் என்று நாலே சொல்லில்.

சூடான ஸ்பூன் வேண்டவே வேண்டாம்.

நாலு ஞாயிறு எழுதிய பிறகுதான் அந்தத் தாள் ஏதாவது சொல்லும். அளவு ஒரு வாரம் அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே போவது டேப் பிடித்தவர் கையால்.

அடுத்தவாரம், 11 அக்டோபர்

நான் இன்னும் செய்துகொள்ளவில்லை, தேதி வாங்கியிருக்கிறேன். முதல் பத்து நாள் என்னென்ன தெரியும்?

ஊசிமுனை, 11 அக்டோபர்

முதல் இரவுதான் வலி, அதுவும் எடுத்த இடத்தில், வைத்த இடத்தில் இல்லை. பின்மண்டை தலையணையில் பட்டால் எரியும். பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தில் மாட்டும் அந்த யு வடிவத் தலையணை வாங்கிக்கொள்ளுங்கள். 45 டிகிரி சாய்ந்து மூன்று நாலு இரவு. பாராசிட்டமால் 650, பெங்களூர்க்காரருக்கு டோலோவை அறிமுகம் செய்யத் தேவையில்லை, டாக்டர் எழுதிய இடைவெளியில். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் எல்லாம் அவரைக் கேட்காமல் தொடாதீர்கள், ரத்தக் கசிவு கூடும்.

இரண்டாம் நாளில் இருந்து நெற்றி கனக்கும். மூன்று, நான்காம் நாளில் வீக்கம் கண்ணிமைக்கு இறங்கும், காலையில் கண்ணே திறக்காது. அது மண்டைத் தோலுக்குள் ஏற்றிய சலைனும் திசுநீரும் கீழே வடிவது. நெற்றிக்கு மட்டும் துணி சுற்றிய ஐஸ், பத்து நிமிடம். கிராஃப்ட் மேல் ஐஸ் வைக்கக் கூடாது.

மூன்றாம் நாளுக்கு மேல் அரிப்பு. ஆறும் தோலில் ஹிஸ்டமின் சுரக்கிறது, மேலே பொருக்கு காய்ந்து இழுக்கிறது, இரண்டும் சேர்ந்து ஆளைப் படுத்தும். 0.9 சதவீத சலைனை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை, அரையடி தள்ளிப் பிடித்துப் பனி மாதிரி அடியுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நார்மல் சலைன் பாட்டிலாகவே கிடைக்கும், வீட்டில் உப்புக் கரைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். ராத்திரி அரிப்பால் தூக்கம் போனால் செட்ரிசின் 10 மில்லிகிராம் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். தூக்கத்தில் கை போய்ச் சொறிவதுதான் பெரிய ஆபத்து.

கிராஃப்ட் எப்போது கெட்டிப்படும் என்பதற்கு பெர்ன்ஸ்டீன், ராஸ்மன் என்ற முடி டிரான்ஸ்பிளான்ட் டாக்டர்கள் இருவரும் 2006இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. முடியை இழுத்தும் பொருக்கைப் பிய்த்தும் பார்த்தார்கள். முதல் சில நாள் பொருக்கோடு கிராஃப்ட்டும் வந்தது, பத்தாம் நாளில் வரவில்லை. அதனால்தான் எல்லா டாக்டரும் பத்து நாள் என்கிறார்கள். அதற்குப் பிறகும் பொருக்கு ஒட்டியிருந்தால் ஷாம்பு நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு விரல் சதையால் சின்ன வட்டமாகத் தேயுங்கள், நகம் படாமல்.

விக்கல் வந்தால் பயப்படாதீர்கள். அபூர்வமாக வரும், ஆனால் வரும். ஒரு நாளுக்கு மேல் நிற்காவிட்டால் போன் செய்யுங்கள், அதற்கு மாத்திரை உண்டு.

மொட்டைமாடி, 12 அக்டோபர்

யாரோ நினைக்கிறாங்கன்னு அர்த்தம். சர்ஜன் பில்லை நினைச்சுட்டிருப்பார்.

ஊசிமுனை, 17 அக்டோபர்

இந்த வார மழையில் இரண்டு பேர் ஹெல்மெட் பற்றித் தனியாகக் கேட்டார்கள், இங்கேயே எழுதுகிறேன். முதல் இரண்டு வாரம் வண்டி வேண்டாம், மெட்ரோ அல்லது ஆட்டோ. கிராஃப்ட் பத்து நாளில் கெட்டிப்பட்டாலும் முழு ஹெல்மெட் உள்ளே நுழையும்போது முன்நெற்றியை வழித்துக்கொண்டுதான் இறங்கும். பிறகு போடும்போது இரண்டு பக்க வாரையும் வெளியே இழுத்து விரித்து, நேர் மேலிருந்து கீழே இறக்குங்கள். உள் பஞ்சு ஈரமாக இருந்தால் அன்று போடாதீர்கள், நனைந்த பஞ்சில் வியர்வையும் சேர்ந்தால் வேர்க்கால் கொப்புளத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

மரத்த மண்டைக்காரருக்கு இன்னொன்று. ஹெல்மெட் எங்கே அழுத்துகிறது என்று உங்களுக்குத் தெரியாது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்று வீடு வந்ததும் கழற்றிக் கண்ணாடியில் பாருங்கள். சிவந்த பள்ளம் பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த அளவு உங்களுக்குச் சிறியது.

பிடரிநரம்பு, 17 அக்டோபர்

ஹெல்மெட்டைவிட கீசர் மோசம். பல வீடுகளில் 60 டிகிரியில் வைத்திருப்பார்கள். அந்தச் சூடு சில நொடியில் தோலை வேகவைத்துவிடும். மற்ற இடத்தில் சுட்டதும் கை தானாக ஒதுங்கும், மரத்த இடத்தில் ஒதுங்காது. வாளியில் கலந்து, மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பார்த்து, மக்கால் ஊற்றுங்கள். ஷவரைத் திறந்துவிட்டு நேரே தலையை நீட்டாதீர்கள். ஹேர் டிரையரும் அப்படியே, குளிர்காற்றில் மட்டும்.

வெயிலும்தான். ஊர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறது. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைப்பதே தெரியாது, மரத்த தோலுக்கு இன்னும் தெரியாது.

அல்சூர் ஏரிக்கரை, 27 அக்டோபர்

தீபாவளி வருது. அம்மா நல்லெண்ணெய் காய்ச்சி வச்சுட்டாங்க. மூணு வாரம்தான் ஆகுது எனக்கு. உச்சியில ஒரு சொட்டாவது வைக்கணும்னு பிடிவாதம்.

ஊசிமுனை, 27 அக்டோபர்

ஒரு சொட்டை உள்ளங்காலில் வைக்கச் சொல்லுங்கள், சாஸ்திரம் கெடாது. மூன்று வாரத்தில் கிராஃப்ட் பிடுங்கிக்கொண்டு வராது, பிரச்சினை எண்ணெயைப் போக்கத் தேய்க்கும் சீயக்காய். அந்தத் துகள் ஆறாத துளையில் சிக்கி உறுத்தும், வேர்க்கால் அடைக்கும். தேங்காய் எண்ணெய் லேசாக, ஒரு மாதம் தாண்டி, டாக்டர் சரி என்றால் பின்மண்டை வறட்சிக்குத் தடவலாம். சந்தனம், மஞ்சள், வேப்பிலை விழுது, வெங்காயச் சாறு எதுவும் இப்போது வேண்டாம். வெங்காயச் சாறு எரிந்தால் ‘வேலை செய்கிறது’ என்று சொல்கிற சித்தப்பா எல்லார் வீட்டிலும் இருப்பார்.

வர்த்தூர்வாசி, 10 நவம்பர்

நடுவுல எறும்பு ஊறுற மாதிரி இருக்கு. தொட்டுப் பார்த்தா ஒண்ணுமில்ல. ரெண்டு தடவை சுரீர்னு ஷாக் அடிச்ச மாதிரி. தாள்ல முன் அளவு ரெண்டு சென்டிமீட்டர் மேல போயிருக்கு.

மொட்டைமாடி, 10 நவம்பர்

பல்லியான்னு மேல பாருங்க. பஞ்சாங்கத்துல பல்லி விழும் பலன்ல தலைக்குப் போட்டிருக்கிறது நல்லா இருக்காது.

பிடரிநரம்பு, 10 நவம்பர்

பஞ்சாங்கம் வேண்டாம், நல்ல செய்தி. வளரும் நரம்பு நுனி காரணமே இல்லாமல் சேதி அனுப்பும். ஊறுவது, குத்துவது, நொடியில் வந்து போகும் சுரீர், எல்லாம் அதுதான். அடுத்து சீப்பு பட்டாலே கூசும் கட்டம் வரலாம். அந்தக் கூச்சம் வந்த இடத்தை ஒரு நாளைக்கு இரண்டு தடவை மெத்தென்ற பருத்தித் துணியால் ஒரு நிமிடம் வருடுங்கள், வாரம் போகப் போகக் கொஞ்சம் சொரசொரப்பான துணி. தோல் பழகிக்கொள்ளும்.

ஊசிமுனை, 13 நவம்பர்

டாக்டர்கிட்ட எப்போது ஓடுவது என்ற முதல் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. உணர்வு எவ்வளவு என்று பார்க்காதீர்கள், எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வலி நாளுக்கு நாள் குறைந்தால் சரி. மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடினால், அங்கே சூடும் பரவும் சிவப்பும் இருந்தால், காய்ச்சல் 100.4 தாண்டினால், அன்றே போங்கள்.

இதில் ஒன்று மட்டும் அன்றுகூட இல்லை, அந்த மணியே. முன்பக்கம் நடுவில், முதல் இரண்டு மூன்று நாளில், தோல் ஊதாவாகவோ சாம்பலாகவோ மாறி விளிம்பு தெரிய ஆரம்பித்தால் ரத்தம் போகவில்லை என்று அர்த்தம். வலி கூடலாம், அல்லது மரப்பில் ஒன்றுமே தெரியாமலும் போகலாம், அதனால் கண்ணால் பார்த்தாக வேண்டும். அடர்த்தி வேண்டும் என்று நெருக்கி நெருக்கி வைத்தவர்களுக்கும், சிகரெட்டை விடாதவர்களுக்கும், சர்க்கரைக்காரர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். உலர்ந்த ரத்தப் பொருக்கும் கறுப்புதான். சலைனில் நனைத்தால் அது இளகிச் சிவக்கும், கருத்த தோல் அப்படியே இருக்கும். பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுக் கூடவே போனும் செய்யுங்கள். போட்டோ மட்டும் அனுப்பினால் அது ‘கவலை வேண்டாம்’ என்று பதில் போடும் வாட்ஸ்அப் ஆளிடம் போய் நிற்கும்.

ரத்தம் கசிந்தால் காஸ் துணி வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். அபூர்வமான இன்னொன்று, சில வாரம் கழித்துத் தொட்டால் நாடி மாதிரித் துடிக்கும் கட்டி. ரத்தக்குழாயில் ஊசியோ பஞ்ச் கத்தியோ பட்டதால் வருவது. அதை அமுக்கி விளையாடாமல் காட்டுங்கள்.

ஊசிமுனை, 14 நவம்பர்

நேற்று விட்டது. யாரிடம் போவது என்பதும் இதில் அடக்கம். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் சொன்ன வழிகாட்டுதல்படி இதைப் பயிற்சி பெற்ற பதிவுபெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும், ஒர்க்‌ஷாப்போ யூடியூபோ பார்த்துக் கற்றது செல்லாது. பெங்களூரில் கிளினிக்குக்கு கேபிஎம்இ (கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டம்) பதிவும் இருக்க வேண்டும், சான்றிதழை வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் டாக்டர் எடுப்பாரா என்பதை அட்வான்ஸ் கட்டும் முன் கேளுங்கள்.

அடுத்தவாரம், 19 ஜனவரி 2025

மூன்றாம் மாதம். நின்றிருந்த அரிப்பு பொங்கலுக்குப் பிறகு மறுபடி.

ஊசிமுனை, 19 ஜனவரி

மூன்று சந்தேகம். ஒன்று ஊர்க்காற்று, ஜனவரியில் இருந்து மார்ச் வரை வறண்டு கிடக்கும். இரண்டு தண்ணீர். காவிரி வரும் வீட்டுக்கும் டேங்கர், போர்வெல் வரும் வீட்டுக்கும் வித்தியாசம் ஷாம்பு நுரையிலேயே தெரியும். கடின நீரில் நுரை வராது, இன்னும் கொஞ்சம் ஊற்றுவீர்கள், அலசினாலும் பிசுக்குப் படிந்து நிற்கும். ஷாம்புவைக் குறைத்து, கடைசி இரண்டு மக் மட்டும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் பாருங்கள்.

மூன்று, முடி வளரத் தடவும் மினாக்சிடில் ஆரம்பித்தீர்களா? திரவத்தில் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான் இருக்கிறது, பலருக்கு அதுதான் அரிப்பு, செதில். அது இல்லாத ஃபோம் கிடைக்கிறது. மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தவாரம், 20 ஜனவரி

மினாக்சிடில் திரவம்தான். கூடவே சின்னச் சின்னப் பருவும்.

பிடரிநரம்பு, 20 ஜனவரி

இந்த மாதத்தில் பரு வருவது பெரும்பாலும் புது முடி தோலை முட்டிக்கொண்டு வருவதால். அங்கொன்றும் இங்கொன்றும் என்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணி, பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. பிதுக்கினால் பக்கத்து வேரும் கெடும். கொத்தாக வந்தால், சீழ் இருந்தால், வலித்தால் டாக்டர். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவாதீர்கள்.

அரிப்பை மறப்பதற்கும் ஒரு வழி உண்டு, அதைத் தேடிப் போகாமல் இருப்பது. மணிக்கொரு தடவை ‘இப்போ அரிக்குதா’ என்று கேட்டால் எந்த மண்டையும் ஆமாம் என்றே சொல்லும். இந்த இழையைப் படிக்கும்போதே இரண்டு பேர் சொறிந்திருப்பீர்கள்.

மொட்டைமாடி, 20 ஜனவரி

மூணு.

அல்சூர் ஏரிக்கரை, 16 பிப்ரவரி

நாலு மாசம் தாண்டியும் பிடரியில இருந்து காதுக்குப் பின்னால, கண்ணு வரைக்கும் மின்னல் மாதிரி அடிக்குது. தலையைத் திருப்பினா வருது. இதுவும் நரம்பு வளர்ற சேதிதானா?

பிடரிநரம்பு, 16 பிப்ரவரி

இல்லை, இதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எப்போதாவது ஒரு சுரீர் வேறு, ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓடும் வலி வேறு. பிடரி நரம்பு தழும்பில் சிக்கினாலோ உறுத்தப்பட்டாலோ இப்படி வரும். பிடரி எலும்புக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை அழுத்தினால் அதே மின்னல் கிளம்புகிறதா என்று டாக்டர் பார்ப்பார். முதலில் சர்ஜன், அவர் கையை விரித்தால் நியூராலஜிஸ்ட். நரம்பு வலிக்கான கபாபென்டின் மாதிரி மாத்திரையோ அந்த இடத்தில் ஊசியோ கொடுப்பார்கள். மாத்திரையைக் கடையில் பெயர் சொல்லி வாங்காதீர்கள், தலைசுற்றலோடு வண்டி ஓட்ட வேண்டியிருக்கும், திடீரென நிறுத்தவும் கூடாது. கழுத்து எலும்பிலும் இதே மாதிரி வலி கிளம்பும், லேப்டாப் முன்னால் நாள் முழுக்கக் குனிந்திருப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

வர்த்தூர்வாசி, 9 மார்ச்

மரப்பு இப்போ ரெண்டு ரூபாய்க் காசு அளவுதான். அந்தக் காசுக்குள்ளயும் முடி முளைச்சிருக்கு. ரூம்மேட்டுக்குப் போட்டோ அனுப்பியாச்சு. சலூன் போகலாமா? ரெண்டாவது சிட்டிங் பத்தியும் யோசிக்கிறேன்.

ஊசிமுனை, 9 மார்ச்

சலூன் போகலாம், பின்னால் மெஷினும் போடலாம். ஆனால் பிளேடு சூடேறியிருக்கிறதா என்று முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடித்ததும் கேட்காமலே தலையைத் தட்டி மசாஜ் ஆரம்பிப்பார்கள், உட்காரும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது சிட்டிங் இப்போது வேண்டாம். முடி முழுதாகத் தெரிய ஒரு வருடம், உச்சியென்றால் அதைவிடக் கூட. எங்கே அடர்த்தி குறைவு என்று அதற்கு முன் முடிவெடுத்தால் முளைக்க இருப்பதன் மேலேயே கீறுவார்கள். போகும்போது அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கொண்டுபோங்கள். இன்னும் மரத்திருக்கும் அந்தக் காசளவை டாக்டர் பேனாவால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளட்டும்.

வர்த்தூர்வாசி, 9 மார்ச்

தாள்ல காபி கொட்டியிருக்கு, பரவாயில்லையா?

ஊசிமுனை, 9 மார்ச்

எண் தெரிந்தால் போதும்.